முலூகியாவுக்கு முதலில் மூச்சிழுத்தவள்

ரபாபின் ஆய்வேடு இன்னொரு தடவை திரும்பி வந்தபோது அதன் அட்டையில் ஒரு குடைமிளகாய் விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது என்னோடது," என்று மதாம் இக்லாஸ் அதை நகத்தால் சுரண்டி, மடியில் வைத்திருந்த கிண்ணத்தில் போட்டாள். சாயங்காலம் அரிசி அடைத்து வேகவைக்க வேண்டிய மிளகாய்களை ஆபீஸ் நேரத்திலேயே குடைந்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். "மிச்சமெல்லாம் உன்னோடதா இல்லையாங்கறதுதான் மகளே இங்க பிரச்சினை."

ஸவாகி பல்கலைக்கழகத்தில் அந்த இடத்துக்கு எழுத்துத் திருட்டுத் தடுப்பு, அசல் தன்மைப் பாதுகாப்பு மற்றும் மேற்கோள் ஒழுங்காற்று அலுவலகம் என்று பெயர். யாரும் முழுசாகச் சொல்வதில்லை. சொன்னால் பலகை எழுதியவனுக்கு மேற்கோள் காட்ட வேண்டி வருமோ என்று ஒரு பயம். எல்லோருக்கும் அது அசல் ஆபீஸ். எந்த ஆய்வேடும் அசல் ஆபீஸின் சான்றிதழ் இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்குப் போக முடியாது.

"இந்தத் தடவ என்ன மதாம்?"

"மூணு இடத்துல சிவப்பு. உக்காரு. அந்த நாற்காலி இல்ல, அதுக்குக் கால் ஆடும். இதோ பாரு, முதல் அத்தியாயம். 'தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்.' யார் சொன்னது?"

"யார் சொன்னதுன்னா? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எல்லாரும்னா யாரு? பேரு, வேலை, முகவரி?"

"மதாம், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு ஆதாரம் வேண்டாம்னு விதியிலயே இருக்கே. நான் படிச்சேன்."

"இருக்கு. ஆனா எல்லாருக்கும் தெரியும்னு யாரு முடிவு பண்றது? அதுக்குத்தான் பொது அறிவுக் குழுன்னு ஒண்ணு போட்டிருக்காங்க. அவங்க உக்காந்து, ஓட்டுப் போட்டு, இது எல்லாருக்கும் தெரியும்னு முத்திரை குத்தணும். இதுவரைக்கும் சூரியன் கிழக்கால உதிக்கும்ங்கறது பாஸாகியிருக்கு. ஒருத்தர் எதிர்ப்பு."

"யாரு எதிர்த்தது?"

"அவர் காலையில எந்திரிக்கிற ஆளு இல்ல. பாக்காத விஷயத்துக்கு எப்படிக் கை தூக்கறதுன்னுட்டாரு. நேர்மையான மனுஷன். நைல் வடக்கால ஓடுதுங்கறது இன்னும் பாக்கி. பாசனத் துறை ஆளு கூட்டத்துக்கு வரல."

ரபாப் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே நைலிலிருந்து பிரிந்த கால்வாய், யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குக் காத்திருக்க நேரமில்லை. ரமலானுக்குள் பட்டம் வாங்காவிட்டால் பதிவு காலாவதி. துணை விரிவுரையாளர் பதவி போய்விடும். வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், அது அரசாங்கத்துக்கு வழக்கமில்லை. நிர்வாகப் பணிக்கு மாற்றுவார்கள். எந்த நிர்வாகம் என்பதும் முடிவாகியிருந்தது. மதாம் இக்லாஸ் தன் பக்கத்து மேசையைக் கத்தியால் சுட்டிக்காட்டினாள்.

"உனக்குன்னு தொடச்சு வெச்சிருக்கேன். ஜன்னலோரம். வெண்டைக்காய் அரியறதுக்கு நல்ல வெளிச்சம். நான் நல்லதுக்குத்தான் சொல்றேன், உன்ன மாதிரி ஒரு பொண்ணு பக்கத்துல இருந்தா எனக்கும் பேச்சுத் துணை."

"ரெண்டாவது சிவப்பு என்ன மதாம்?"

"அத டாக்டர் ஷவ்கத்தே உங்கிட்ட பேசணும்னார்."

டாக்டர் ஷவ்கத் அல்-மின்ஷாவி அசல் ஆபீஸின் இயக்குநர். அவர் அறைச் சுவரில் அவருடைய சான்றிதழ்கள் கண்ணாடிக்குள் இருந்தன. எல்லாம் நகல். அசல்கள் பத்திரமாக வேறெங்கோ இருப்பதாக அவர் சொல்லிக்கொள்வார். தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே ஆய்வேட்டைத் திறந்தார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். 'பூண்டுத் தாளிப்பைக் கொட்டும்போது சமைப்பவர் மூச்சை உள்ளிழுக்கிறார்.' மகளே, இந்த மூச்சு யாரோடது?"

முலூகியாக் கீரையைப் பொடியாக அரிந்து, கோழிச் சாறில் கலக்கி, பூண்டையும் கொத்தமல்லி விதையையும் நெய்யில் பொன்னிறமாகப் பொரித்து, சுடச்சுட அதன் மேல் கொட்டுவார்கள். சுர்ரென்று ஓசை வரும் அந்தக் கணத்தில் சமைக்கிறவள் பேயைக் கண்டவள் மாதிரி 'ஹா!' என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் முலூகியா விழுந்துவிடும்: கீரை அடியில், சாறு மேலே. விழுந்த முலூகியாவை விருந்தாளிக்கு வைத்தவள் பிறகு தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. டாக்டர் ஷவ்கத்தின் அம்மாவும் இழுத்தாள், மனைவியும் இழுக்கிறாள். அது அவருக்குத் தெரியாததல்ல.

"எல்லாப் பொம்பளைங்களும் இழுக்கறதுதானே டாக்டர்."

"மறுபடியும் எல்லாரும்! யாரோ ஒருத்தி முதல்ல இழுத்திருக்கணும். அவகிட்ட இருந்து இன்னொருத்தி எடுத்திருக்கணும். கேட்டு எடுத்தாளா, கேக்காம எடுத்தாளா? இந்த நாட்டுல அசலுக்கு மதிப்பில்லாம போனது இப்படித்தான். அடுப்படியிலயே ஆரம்பிச்சிருக்கு."

"மூச்சுக்கெல்லாம் எங்க டாக்டர் ஆதாரம் தேடறது?"

"உனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்கம்மா."

"கூட்டிட்டு வா."

மூன்றாவது சிவப்பைச் சொல்லும் முன் அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நாலாவது அத்தியாயம். இதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. ஒத்துமை விழுக்காடு பாத்தோம். சுழியம்."

"சுழியம்னா நல்லதுதானே? எங்கயும் திருடல."

"மகளே, உலகத்துல இத்தனை புஸ்தகம் இருக்கு, இத்தனை பேரு எழுதியிருக்காங்க. அதுல ஒரு வரியோடகூட ஒத்துப்போகலன்னா, அவ்வளவு சாமர்த்தியமா எங்கிருந்து திருடியிருக்கே?"

நாலாவது அத்தியாயத்துக்காகத்தான் ரபாப் ஒரு கோடை முழுக்கக் கல்லூரிச் சமையல்கூடத்தில் வெந்தாள். மூச்சிழுத்து ஒரு சட்டி, இழுக்காமல் ஒரு சட்டி. தெருப் பெண்களைக் கூட்டி வந்து அவர்கள் கையால் சட்டி சட்டியாக. ஒவ்வொன்றிலும் வெப்பமானியை நட்டு, எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்த்தாள். கடைசியில் தெரிந்தது இதுதான். மூச்சுக்கு ஒரு சக்தியும் கிடையாது. ஆனால் மூச்சிழுக்கிறவளின் கை, தான் செய்வது தெரியாமலே, அந்த நொடியில் அடுப்பைத் தணித்துவிடுகிறது. தாளிப்பு விழுந்தபின் கொதித்தால் கீரை விழும், கொதிக்காவிட்டால் நிற்கும். மூச்சு என்பது கைக்கு ஒரு ஞாபகமூட்டல். இதை அவளுக்கு முன் யாரும் அளந்ததில்லை. அவளுடையது என்று உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு அத்தியாயம்.

"அது நானே கண்டுபிடிச்சது டாக்டர்."

"அப்படியா? அதுக்கு என்ன ஆதாரம்?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் அம்மா ஹாஜ்ஜா தஹானி வாத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய எதுக்குக் கூப்பிடறாங்க?"

"நீ மூச்சிழுக்கறியே, அது யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு கேக்கறாங்க."

"கத்துக்கறதுக்கு அது என்ன கணக்கா? பூண்டு சுர்ருங்குது, எனக்கு ஹான்னு வருது. தும்மலுக்கு யாராவது வாத்தியார் வெப்பாங்களா?"

"அம்மா, ஒரு தடவ வந்துட்டுப் போயேன். என் வேலையே இதுல இருக்கு."

"வரேன். ஆனா மேல்மாடி உம் ஹுஸ்னிக்குத் தெரிய வேண்டாம். ஊரெல்லாம் சொல்லுவா, தஹானிய ஆபீஸ்ல விசாரிச்சாங்கன்னு."

ஆனால் விசாரணை அன்று அசல் ஆபீஸ் வாசலில் ஹுஸ்னியின் அம்மாவான அந்த உம் ஹுஸ்னி முதல் ஆளாக, நல்ல கறுப்பு உடுப்பில், கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மூச்சு வேண்டும் என்று அவளுக்கும் கடிதம் போயிருந்தது.

மொழியியல் துறையிலிருந்து ஒலியளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கியிருந்தார்கள். தஹானியை மேசை முன் நிறுத்தினார்கள்.

"இழுங்க ஹாஜ்ஜா."

"சட்டி எங்க?"

"சட்டி இருக்கறதா நெனச்சுக்கங்க."

"சட்டி இல்லாம, பூண்டு இல்லாம எப்படித் தம்பி வரும்? சும்மா நின்னு ஹான்னா பைத்தியம்பாங்க."

டாக்டர் ஷவ்கத் தன் தேநீர்க் குவளையை முன்னால் நகர்த்தினார். மதாம் இக்லாஸ் பெரிய மனது பண்ணித் தன் மதிய உணவிலிருந்து ஒரு பூண்டுப் பல்லைக் கொடுத்தாள். தஹானி பூண்டைக் குவளைக்குள் போட்டு, "ஹா!" என்று இழுத்தாள். ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது. பிறகு உம் ஹுஸ்னி இழுத்தாள். கருவி தாளைத் துப்பியது.

"தொண்ணூத்தி நாலு விழுக்காடு ஒத்துமை," என்று டாக்டர் ஷவ்கத் படித்தார். "ஹாஜ்ஜா, மன்னிக்கணும். நீங்க இழுக்கறது உம் ஹுஸ்னியோட மூச்சு."

"என்னது? அவ மூச்ச நான் எதுக்கு இழுக்கறேன்? அவ முலூகியா மாசம் தவறாம விழும்!"

"யாருது விழும்?" என்று உம் ஹுஸ்னி கைப்பையைக் கீழே வைத்தாள். "உன் மச்சினன் நிச்சயதார்த்தத்துல பரிமாறினியே, அது முலூகியாவா, குளத்துத் தண்ணியா? சாப்பிட்டவங்க கரண்டியால கீரையத் தேடினாங்க!"

"அன்னிக்கு மின்சாரம் போச்சு!"

"கீரை விழறதுக்கும் மின்சாரத்துக்கும் என்னடி?"

"அமைதி, அமைதி," என்று டாக்டர் ஷவ்கத் எழுந்தார். "நாங்க யாரையும் குத்தவாளின்னு சொல்லல. விதி ரொம்ப எளிமை. ரெண்டு மூச்சும் ஒண்ணா இருந்தா, முதல்ல பொறந்தவங்களோடதுதான் அசல். உங்க ரெண்டு பேர்ல யார் மூத்தவங்க?"

மதாம் இக்லாஸ்கூட மிளகாய் குடைவதை நிறுத்தினாள்.

"அவதான்," என்றாள் தஹானி.

"நானா? நான் பள்ளிக்கூடம் போறப்ப இவளுக்குக் கல்யாணமே ஆயிருச்சு. மூச்சு அவளோடதுதான். அவளே வெச்சுக்கட்டும்."

"எனக்கு எதுக்கு? பெரியவங்க சொத்து பெரியவங்ககிட்டயே இருக்கட்டும். நான் சின்னப் பொண்ணு, அவகிட்ட பாத்துத் திருடினதாவே எழுதிக்கங்க."

கொஞ்ச நேரத்துக்கு முன் மூச்சுக்காக அடித்துக்கொள்ளப் பார்த்தவர்கள், இப்போது அதை ஒருவர் மடியில் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டாக்டர் ஷவ்கத் தீர்ப்பு சொன்னார். உரியவர் யாரும் ஏற்றுக்கொள்ளாததால் அந்த மூச்சு இனி அசல் ஆபீஸின் பாதுகாப்பில் இருக்கும். ஆய்வேட்டில் குறிப்பிடும் எவரும் 'நன்றி: அசல் ஆபீஸ்' என்று அடிக்குறிப்புப் போட வேண்டும்.

"அப்ப வீட்டுல சமைக்கறப்போ?" என்று தஹானி கேட்டாள்.

"சொந்த உபயோகத்துக்குத் தடையில்ல ஹாஜ்ஜா. மனசுக்குள்ள நன்றி சொல்லிட்டு இழுங்க."

மூச்சுக்கு ஓர் அடிக்குறிப்பு ஆயிற்று. தண்ணீருக்கு ரபாப் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தைக் காட்டினாள். எந்த வகுப்பு, எந்த டீச்சர் என்று கேட்டு எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மீதி நாலாவது அத்தியாயம். அதைப் பற்றிப் பேசப் போன அன்று அசல் ஆபீஸ் பூட்டியிருந்தது. எல்லோரும் பெரிய மண்டபத்தில் அசல் தன்மை தினம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ரபாபும் போய் மதாம் இக்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீன் மேடையேறினார். மீசையை ஒதுக்கிக்கொண்டு தாளைப் பிரித்தார்.

"அன்பு மாணவர்களே! அடுத்தவர் சொல்லைத் தன் சொல்லாகக் காட்டுபவன், அடுத்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவன். இந்தக் கல்லூரிக்குத் தலைமை தாங்கும் முதல் பெண் என்ற முறையில், இதை ஒரு தாயின் அக்கறையோடு சொல்கிறேன்."

பலத்த கைதட்டல். ரபாப் திரும்பிப் பார்த்தாள். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"வெளியே பாருங்கள். பனி மூடிய நம் வளாகத்தில் ஒவ்வொருவருடைய காலடித் தடமும் தனித்தனியாகத் தெரிகிறதல்லவா? உங்கள் எழுத்தும் அப்படி இருக்கட்டும்!"

வெளியே டெல்டா வெயில் பேரீச்ச மரங்களை வறுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பேராசிரியர்கள் பனியைப் பார்த்தவர்கள் போல் தலையாட்டினார்கள்.

"மதாம், இவரு என்ன..."

"கை தட்டு, பாக்கறாங்க. இது போன டீனம்மா பேசின பேச்சு. நல்ல பேச்சு."

"அவங்களுக்குப் பனி எங்கிருந்து வந்துச்சு?"

"அவங்க எங்கிருந்து எடுத்தாங்களோ அங்க பனி பெய்யும்போல. நமக்கென்ன? அது வெள்ளையா இருக்கும்னு படத்துல பாத்திருக்கேன். கை தட்டும்மா."

டீன் கடைசியில் உருக்கமாக, "என் கணவர் எனக்குத் தந்த ஊக்கத்துக்கு நன்றி," என்று முடித்தார். டீனின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேநீர் நேரத்தில் டாக்டர் ஷவ்கத் ரபாபைத் தனியே அழைத்தார். கையில் ஒரு கேக் துண்டு இருந்தது. முகம் கனிந்திருந்தது.

"ராத்திரியெல்லாம் உன்னப் பத்தித்தான் யோசிச்சேன். தகப்பன் பேர் தெரியாத குழந்தையப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்களா?"

"எந்தக் குழந்தை டாக்டர்?"

"உன் நாலாவது அத்தியாயம்."

"நான் அம்மா இருக்கேனே."

"பத்திரத்துல தகப்பன் பேருதான் மகளே கேப்பாங்க. நான் தகப்பனா இருக்கேன். ஆபீஸ் இதழ்ல அத என் பேர்ல போட்டுடறேன். அப்புறம் நீ ஆய்வேட்டுல என்னைய மேற்கோள் காட்டு. ஆதாரமும் ஆச்சு, விழுக்காடும் வந்தாச்சு, சான்றிதழும் ரெடி. நான் எத்தன பசங்களுக்கு இப்படித் தகப்பனா இருந்திருக்கேன் தெரியுமா? ஒருத்தனாவது வந்து நன்றி சொன்னானா?"

அவள் வேண்டாம் என்று சொன்னாளா, யோசிக்கிறேன் என்று சொன்னாளா என்பது பிறகு அவளுக்கே நினைவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் வித்தியாசமில்லை. இதழ் அச்சாகிவிட்டது. 'முலூகியாவின் வீழ்ச்சி: ஒரு புதிய பார்வை. எழுதியவர்: டாக்டர் ஷவ்கத் அல்-மின்ஷாவி.'

ரபாப் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை மாறவில்லை. கடைசி வரியில் நின்றாள்.

"என்னம்மா? படி."

"'சட்டிகளையெல்லாம் சலிக்காமல் கழுவிக் கொடுத்த என் தாய் தஹானிக்கு நன்றி.'"

"யாரு? அந்த வழுக்கையா? நான் எப்ப அவனுக்கு அம்மா ஆனேன்? அவனுக்கு என்னவிட வயசு ஜாஸ்தி!" தஹானி எழுந்து நின்றுவிட்டாள். "உம் ஹுஸ்னி இதப் படிச்சிருப்பாளா?"

"அம்மா!"

"சரி சரி. இப்ப நீ என்ன பண்ணப்போற?"

"அவர் பேர ஆதாரமாப் போட்டா பட்டம். போடலன்னா இக்லாஸ் பக்கத்துல வெண்டைக்காய்."

"போட்டுத் தொலையேன். ஒரு பேரு. மையால எழுதறதுதானே. பட்டத்த வாங்கிக்க, அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்காத."

"முடியாதும்மா. ஆதாரம்னா என்ன? இது எங்கிருந்து வந்துதோ அந்தப் பக்கம் கை காட்டறது. மேல்மாடியில சர்க்கரை வாங்கிப் பெருநாளுக்குக் கஹ்க் பிஸ்கட் சுட்டா, சர்க்கரை உம் ஹுஸ்னி குடுத்ததுன்னு சொல்லணும். நம்ம வீட்டுச் சர்க்கரைன்னா யார் பேரும் சொல்ல வேண்டாம். இங்க என்ன நடக்குது? நம்ம சர்க்கரைய அவரு எடுத்துட்டுப் போயிட்டு, அவரு குடுத்ததா என்னையே சொல்லச் சொல்றாரு."

தஹானிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டப்பாவையாவது திருப்பிக் குடுப்பானா?"

"மாட்டாரு."

"அப்ப சொல்லாத."

மறுநாள் ரபாப் அசல் ஆபீஸ் மேசையில் ஆய்வேட்டை வைத்தாள். அது மெலிந்திருந்தது. மதாம் இக்லாஸ் புரட்டினாள், திரும்பவும் புரட்டினாள்.

"மூணாவதுக்கு அப்புறம் அஞ்சாவதா வருது?"

"நாலாவத எடுத்துட்டேன்."

"அப்ப இதுல என்னதான் இருக்கு?"

"மத்தவங்க சொன்னது எல்லாம் இருக்கு. யாரு, எங்க, எந்தப் பக்கம், எல்லாம் போட்டிருக்கேன்."

"உன்னோடதுன்னு ஒரு வரி?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல மதாம்."

"மாஷா அல்லாஹ்," என்றாள் மதாம் இக்லாஸ். அவளுக்குக் கண் கலங்கியது. எத்தனையோ வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், இவ்வளவு சுத்தமான ஆய்வேட்டை அவள் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே முத்திரை குத்தினாள். பிறகு ஜன்னலோர மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "உன்ன நம்பி வெண்டைக்காய் சீசனுக்குக் காத்திருந்தேன். போ, நல்லாரு."

வாய்மொழித் தேர்வன்று மண்டபத்தின் பின்வரிசைகளில் உறவுக்காரர்கள் தட்டுத்தட்டாக உணவோடு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர்களுக்குச் சாப்பாடு போடாமல் யாரும் முனைவராவதில்லை. தஹானி வாத்து வறுத்திருந்தாள், திராட்சை இலையில் அரிசி சுருட்டியிருந்தாள். அந்த மணம் மேடை வரை வந்ததால் கேள்விகள் சுருக்கமாகவே இருந்தன. குழுத் தலைவர் டாக்டர் ஷவ்கத் எழுந்து பாராட்டுரை வாசித்தார்.

"இந்தப் பெண்ணிடம் நான் கண்ட பணிவை வேறு யாரிடமும் கண்டதில்லை. தன்னுடையது என்று ஒரு கருத்தைக்கூட இவர் நுழைக்கவில்லை. ஆராய்ச்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கு இது வழிகாட்டி. முதல் தரம், பல்கலைக்கழகச் செலவில் அச்சிடப் பரிந்துரையோடு!"

பின்வரிசையில் குலவை எழுந்தது. உம் ஹுஸ்னியின் குலவைதான் ஓங்கி ஒலித்தது. ரபாப் மேடையில் நின்று சிரிக்கப் பார்த்தாள். ஒரு கோடை முழுக்க வெந்தவள் அவள். மேசை மேலிருந்த மெலிந்த புத்தகத்தில் அந்தக் கோடை இல்லை.

வெளித்தேர்வாளர் டாக்டர் பஹீஜா அலெக்சாந்திரியாவிலிருந்து ரயிலில் வந்திருந்தார். ஓய்வுபெறும் வயது தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம். அதனால் வரும் வழியெல்லாம் பேச்சுத் துணை தேடாமல் ஆய்வேட்டை முழுசாகப் படித்திருந்தார். அது அந்த மண்டபத்தில் யாரும் எதிர்பார்க்காத விஷயம். சாப்பாட்டு மேசையில் ரபாபைப் பிடித்துக்கொண்டார்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சுன்னு எண்ணியிருக்கியே. உன் கணக்கு வாத்தியார் யாரு?"

"நாலாவது டாக்டர் ஷவ்கத்தோட இதழ்ல வந்திருக்கு டாக்டரம்மா."

"யாரோட இதழ்ல?"

"ஷவ்கத்! அவரு இதழ்ல!"

"கத்தாத, கேக்குது. முலூகியா விழறதப் பத்தின கட்டுரையா? அதையும் படிச்சேன். பிரமாதமா இருந்துச்சு." அவர் வாத்துக் காலோடு திரும்பி, பக்கத்தில் திராட்சை இலைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த டாக்டர் ஷவ்கத்தைப் பார்த்தார். "ஷவ்கத், உன் கட்டுரைய சொல்லிட்டிருந்தேன். எங்கிருந்து எடுத்தே?"

"என்ன டாக்டரம்மா இது? அது முழுக்க என் சொந்தம். உலகத்துல எதோடயும் ஒத்துப்போகாது. சுழியம்!"

"சுழியமா?" என்றார் பஹீஜா, மண்டபத்துக்கே கேட்கும் குரலில். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. "சுழியம்னா குத்தம்னு உன் விதியில போட்டிருக்கியேப்பா. போன வாரம்தானே எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினே?"

அவர் அதோடு விடவில்லை. அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்ததும் முறைப்படி ஒரு புகார் எழுதினார். புகார் அசல் ஆபீஸுக்கு வந்தது. மதாம் இக்லாஸுக்கு விதி என்றால் விதிதான், அதில் அவள் ஆள் பார்ப்பதில்லை. டாக்டர் ஷவ்கத்துக்கு ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்து, டாக்டர் ஷவ்கத்திடமே கையெழுத்து வாங்கி, டாக்டர் ஷவ்கத்திடம் சேர்த்தாள். தாங்கள் இவ்வளவு சாமர்த்தியமாக எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு ஒரு வாரத்தில் ஆதாரம் காட்டவும். தவறினால் இயக்குநர் பதவி பறிக்கப்படும்.

ரபாபின் ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம் இருந்திருந்தால், 'இதோ, ஒத்துப்போகிறது பாருங்கள்' என்று அவர் கை காட்டியிருக்கலாம். இப்போது உலகத்தில் எந்தத் தாளிலும் அது இல்லை, அவருடையதைத் தவிர.

அவர் ரபாபின் புது அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"டாக்டரம்மா..."

"மகளேன்னே கூப்பிடுங்க டாக்டர். பழகிடுச்சு."

"மகளே, அந்தக் கட்டுரைக்கு ஒரு ஆதாரம் வேணும்."

"உங்க சொந்தம்னு சொன்னீங்களே."

"சொன்னேன். சொன்னத வேற யாராவது நம்பியிருந்தா பரவால்ல. ஆபீஸே நம்பிடுச்சு." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உன் பேரப் போட்டுடறேன். அளந்தது ரபாப், எழுதினது ரபாப்னு."

"அப்ப உங்க பேரு?"

"ஏதாவது ஒரு மூலையில..."

"நன்றியில போட்டுக்கலாம். தாள் குடுத்தவர்னு. எங்கம்மாவுக்கு நீங்க நன்றி சொன்ன இடம் காலியாத்தான் இருக்கும்."

அவர் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் முகம் கொஞ்சம் தெளிந்தது. பையிலிருந்து ஆபீஸ் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"இதுல திருத்தம் எழுதணுமாம். என்ன நடந்துச்சு, யாருது, எப்படி என் பேர் வந்துச்சுன்னு. இக்லாஸ் இங்க கோடு போட்டுக் குடுத்திருக்கா, பாரு."

ரபாப் பார்த்தாள். 'சொந்த வார்த்தைகளில்' என்ற இடத்துக்கு அடியில் கோடு இருந்தது.

டாக்டர் ஷவ்கத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். வெளியே கால்வாயில் ஒரு படகுக்காரன் பாடிக்கொண்டே போய், வளைவில் திரும்பி, குரலும் கேட்காமல் போனான். தாள் வெள்ளையாகவே இருந்தது.

"வரலியா டாக்டர்?"

"ஆரம்பம் கிடைச்சா போதும். அதுக்கப்புறம் மளமளன்னு வந்துடும்." இன்னும் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்தார். பிறகு அதை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "மகளே, நீயே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடேன். நான் பாத்து எழுதிக்கறேன்."

"தரேன். ஆனா அத மேற்கோள் குறிக்குள்ள போடணும். கீழ என் பேரப் போடணும்."

"போடறேன், போடறேன், கண்டிப்பா போடறேன்," என்று அவர் தாளை அவசரமாக அவளிடம் தள்ளினார். அவள் எழுதத் தொடங்கியதும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த மேற்கோள் குறி எப்படி மகளே போடறது?"